இரண்டாயிரம் ரூபாயும் ஒரு குக்கரும்

தம்பி, உங்கள் கணக்கை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்திலிருந்து வந்து கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்திருக்கிறீர்கள். சம்பளம் 14,000. வீட்டுக்கு 6,000, அறை வாடகை 3,500, அக்கா கல்யாணக் கடனுக்கு 1,500, பஸ்ஸும் போனும் 1,000. மிச்சம் 2,000. அதில் மாதம் முழுக்கச் சாப்பிட வேண்டும். அறையில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாணலி. ஃபிரிட்ஜ் கிடையாது. “பத்தாம் நாளே காசு தீர்ந்துவிடுகிறது, அப்புறம் ரசமும் ஊறுகாயும்தான், எப்படி ஓட்டுவது?” என்று கேட்கிறீர்கள். வீட்டுக்கு அனுப்புவதைக் குறைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டீர்கள். சரி, அதைத் தொடவில்லை.

நான் ஒரு விடுதியில் பதினோரு வருடம் மெஸ் கணக்கு எழுதியவன். அதற்கும் முன்னால், 1998ல், சிங்காநல்லூரில் உங்களைப் போலவே ஓர் அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவன். அந்த வருடம் நான் செய்த தப்பைத்தான் நீங்கள் இப்போது செய்கிறீர்கள். காசு குறைந்ததும் பருப்பை நிறுத்தினேன். அரிசி இல்லாமல் முடியாது, பருப்பு இல்லாமல் ஓட்டிவிடலாம் என்று நினைப்பு. மூன்று வேளையும் வயிறு முட்டத்தான் சாப்பிட்டேன். நாலு மாதத்தில் வாயின் இரண்டு ஓரமும் வெடித்தது, நாக்கு சிவந்து காரம் ஆகவில்லை, மெஷின் முன்னால் நின்றால் கண் இருட்டியது. அரசு ஆஸ்பத்திரியில் ஓர் அம்மா டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “கடைசியா எப்பப்பா பருப்பு சாப்பிட்ட? முட்டை?” என்று கேட்டார். எனக்கு யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்து, மாத்திரைக்கு ஆகிற காசில் கீரையும் பயறும் வாங்கு என்று திட்டி அனுப்பினார்.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: கையில் காசு வந்ததும் பருப்பு, பயறு, கடலைக்காய் (வேர்க்கடலை) மூன்றையும் வாங்கி வைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எது வாங்குவது என்பதற்கு மெஸ்ஸில் நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். பத்து ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம் என்று பார்ப்பேன். உடம்பு எடைக்கு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு. நீங்கள் 60 கிலோ என்றால் நாளைக்கு 50 கிராம். போன மாதம் என் தெருக்கடையில் கொடுத்த விலையை வைத்துச் சொல்கிறேன். உங்கள் கடையில் முன்னே பின்னே இருக்கும். கொள்ளு கிலோ 80. பத்து ரூபாய்க்கு 125 கிராம் கிடைக்கும், அதில் புரதம் 27 கிராம். பச்சைப்பயறு கிலோ 120, பத்து ரூபாய்க்கு 19 கிராம். கடலைக்காய்ப் பருப்பு 140, பத்து ரூபாய்க்கு 17 கிராம், கூடவே எண்ணெய்ச் சத்தும் வருகிறது. துவரம்பருப்பு 140, பத்து ரூபாய்க்குப் பதினைந்து. முட்டை ஆறரை ரூபாய், பத்து ரூபாய்க்கு ஒன்பது. பால் எட்டு. பிராய்லர் கறி எலும்போடு வாங்கினால் ஏழு தேறும். டீக்கடைப் பருப்பு வடை பத்து ரூபாய், மூன்று நாலு கிராம் இருந்தால் அதிகம்.

இதில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது மீல் மேக்கர். சோயா மாவில் செய்யும் அந்த உருண்டையில் பாதிக்குப் பாதி புரதம், பத்து ரூபாய்க்கு 35 கிராமுக்கு மேல். ஆனால் தினமும் அதைத் தின்ன முடியாது, நாலாம் நாள் வெறுத்துவிடும். வாரம் ஒரு தடவை போதும். கொள்ளு அப்படியில்லை. கொங்கு நாட்டில் பிழைக்க வந்திருக்கிறீர்கள், கொள்ளு சமைக்கத் தெரியாமல் இருக்கக் கூடாது. ராத்திரி ஒரு கை கொள்ளு ஊற வைத்தால் காலையில் குக்கரில் ஆறு விசில். அந்தத் தண்ணீரை வடித்துக்கொண்டால் ரசம். வெந்த கொள்ளோடு சீரகம், பூண்டு, வரமிளகாய், சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டுக் கடைந்தால் கடைசல். ஒரே வேகலில் இரண்டு குழம்பு. மத்து இல்லையென்றால் டம்ளர் அடியால் மசித்தால் போதும், நான் அப்படித்தான் செய்தேன்.

மாத சாமான் இப்படி வரும். அரிசி 10 கிலோ, கிலோ 44 என்று 440. கேழ்வரகு 2 கிலோ 100. துவரம்பருப்பு, கொள்ளு, பச்சைப்பயறு மூன்றும் ஒவ்வொரு கிலோ, 340. கடலைக்காய்ப் பருப்பு ஒரு கிலோ 140. முட்டை இருபது, 130. எண்ணெய் ஒரு லிட்டர் 140. வெல்லம் அரைக் கிலோ 30. காய், கீரை, வெங்காயம், தக்காளிக்கு வாரம் 100 வீதம் 400. பத்து ரூபாய்த் தயிர் பாக்கெட் பத்து, 100. உப்பு, புளி, மிளகாய், கடுகு, சீரகம், மஞ்சள்தூள் வகையறாவுக்கு 120. மொத்தம் 1,940. மிச்சம் அறுபது ரூபாயில் மீல் மேக்கர் ஒரு பாக்கெட். நாளைக்கு 65 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட 2,300லிருந்து 2,400 கலோரியும், 65 கிராமுக்குக் குறையாமல் புரதமும் கிடைக்கும். நின்றபடி வேலை செய்கிறவர் நீங்கள். இதற்கு மேலும் பசித்தால் இன்னொரு கிலோ அரிசி கூட்டிக்கொள்ளுங்கள், 44 ரூபாய்தான். வெல்லத்தை விட்டுவிட்டால் அந்த 44ல் பெரும்பாகம் ஈடாகிவிடும்.

அரிசியில் ஒரு விஷயம். பொன்னி, பழையது, புதியது என்று கடைக்காரர் பத்து விலை சொல்வார். மூட்டையில் பெயர் பார்க்காதீர்கள். புழுங்கல் அரிசியா என்று மட்டும் பாருங்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 சத்தில் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடும், பச்சரிசியில் அது போய்விடும். இட்லி அரிசி சில கடைகளில் சாப்பாட்டு அரிசியைவிட மலிவு. சோறு தடிமனாக இருக்கும், ஆனால் பசி தாங்கும். காங்கேயம் பக்கத்து மில் நொய் கிடைத்தால் இரண்டு கிலோ வாங்கி வையுங்கள். நொய்யும் பச்சைப்பயறும் பூண்டும் போட்டு வைக்கிற கஞ்சிக்கு விசில் இரண்டே போதும், காய்ச்சல் நாளுக்கும் அதுதான்.

இனி காசு எங்கே ஓடுகிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் 2,000 மளிகையில் தீரவில்லை. பத்தாம் நாளில் தீருகிறது என்றால் டீக்கடையில்தான் தீர்கிறது. டீ 12 ரூபாய். நாளைக்கு மூன்று டீ என்றால் மாதம் 1,080. சாயங்காலம் ஒரு பஜ்ஜி சேர்த்தால் இன்னும் 300. உங்கள் பணத்தில் முக்கால்வாசி அங்கே போயிற்று. டீயே குடிக்காதே என்று சொல்ல எனக்கு மனசில்லை. பட்டறை ஆளுக்கு டீ நேரம் என்பது உட்கார்வதற்கும் நாலு பேரோடு பேசுவதற்கும் கிடைக்கிற ஒரே நேரம். கம்பெனியில் டீ தருகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பல பட்டறைகளில் இரண்டு வேளை தருவார்கள். தந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தராவிட்டால் வேலை நாளில் மட்டும் காலை டீ ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்கு மாதம் ஆகிற 300 ரூபாய்க்காகத் தயிரையும் வெல்லத்தையும் விட்டு, முட்டையைப் பத்தாகக் குறைத்து, காய்க்கு வாரம் எழுபது என்று இறக்கிக்கொள்ளுங்கள். அப்போதும் பயறு வகையைத் தொடாதீர்கள்.

பஜ்ஜி வேறு கதை. அது சாயங்காலப் பசி. ஐந்து மணிக்கு வேலை முடிந்து, அறைக்குப் போய்ச் சமைக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, எண்ணெய் வாசத்துக்குப் பக்கத்தில் வெறும் வயிற்றோடு நின்றால் யாராலும் முடியாது. மன உறுதியெல்லாம் அங்கே வேலைக்காகாது. ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கடலைக்காய்ப் பருப்பை வாணலியில் போட்டுத் தீ குறைத்து வறுத்து, ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வெயிட் பார்க்க வேண்டாம், உள்ளங்கையில் ஒரு பிடி என்றால் முப்பது கிராம் சுமார். கூட ஒரு சின்னத் துண்டு வெல்லம். நாலரை மணிக்கு, பசி வருவதற்கு முன்பே அதைத் தின்றுவிட வேண்டும். அப்புறம் பஜ்ஜிக் கடையைத் தாண்டுவது சுலபம். கறுத்த, கசக்கிற, பூஞ்சை பிடித்த பருப்பு தெரிந்தால் எடுத்து எறியுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்தப் பூஞ்சை கல்லீரலுக்கு விஷம்.

இன்னொன்று, சம்பளம் வந்த அன்றே உலர் சாமான் மொத்தத்தையும் வாங்கி முடியுங்கள். காய்க்கான 400 ரூபாயை நோட்டாக எடுத்து நாலு கவரில் போட்டு வையுங்கள். போனைக் காட்டிப் பணம் கட்டினால் பன்னிரண்டு, பத்து, இருபது என்று போவது கண்ணுக்குத் தெரியாது. கவர் காலியானால் தெரியும்.

சமையலுக்கு வருவோம். ஃபிரிட்ஜ் இல்லாத ஒற்றை ஆளுக்கு நாளைக்கு இரண்டு தடவை அடுப்பு பற்ற வைத்தால் போதும். ராத்திரி மிஞ்சும் வெறும் சோறு, தண்ணீர் ஊற்றி மறுநாள் காலைக்கு. காலையில் சமைப்பது மதியம் டிபன் பாக்ஸுக்கு.

ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோற்றை மிஞ்சிய ஒன்று கிடையாது. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்கு மேல் துவரம்பருப்பு. குக்கரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், நாலு பல் பூண்டு, சின்ன வெங்காயம் ஒரு கை, தக்காளி ஒன்று, மஞ்சள்தூள். எல்லாம் வதங்கியதும் அரிசி பருப்பைப் போட்டு மூன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு. மூன்று விசில். பாத்திரம் ஒன்றுதான் கழுவ வேண்டும், வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு இது பெரிய விஷயம். கையில் முருங்கைக்கீரை இருந்தால் அதையும் மேலே போட்டு மூடலாம். இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் அவசரச் சாப்பாடு, நெய் விட்டுச் சாப்பிடுவார்கள். உங்களுக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

வாரத்தில் மூன்று நாள் வெறும் சோறாக வடித்து, கொள்ளு ரசமோ பயறு கடைசலோ வைத்தால், மிஞ்சும் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். நன்றாக ஆறிய பிறகு, சோறு முழுகத் தண்ணீர். காலையில் அந்தத் தயிர் பாக்கெட்டில் பாதியைக் கரைத்து, உப்பு, இரண்டு சின்ன வெங்காயம், ஒரு பிடி வறுத்த கடலைக்காய்ப் பருப்பு. செலவு பத்து ரூபாய்க்குள். பழைய சோற்றைப் பற்றி இப்போது ஆளாளுக்கு அமிர்தம் என்று பேசுகிறார்கள். அது புளித்த நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். ஒரு ராத்திரிக்கு மேல் வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்றாமல் குக்கரிலேயே மூடி வைத்த சோறு வேறு. ஆறிய சோற்றில் ஒரு கிருமி வளர்ந்து நஞ்சை விட்டுவிட்டால், அதைத் திரும்பச் சூடு பண்ணினாலும் நஞ்சு போகாது. சித்திரை வெயிலில் காலையில் கட்டிய தக்காளிச் சோற்றை ராத்திரி வரை வைத்திருந்து சாப்பிட்டு ஒரு நாள் லீவு போட்டால் 500 ரூபாய் நஷ்டம். மதியச் சாப்பாடு மதியமே காலியாகட்டும்.

கரண்ட் கணக்கை மறந்துவிடாதீர்கள். இண்டக்‌ஷனில் இரண்டு வேளை சமைத்தால் நாளைக்கு ஒரு யூனிட் போகும். வாடகை வீடுகளில் யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குகிறார்கள். மாதம் 250, 300 அங்கே. வாடகையில் கரண்ட் சேர்ந்ததா என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். அரிசியை அரை மணி ஊற வைப்பதும், பருப்பைக் காலையிலேயே ஊற வைத்துவிட்டுப் போவதும், ஒரு விசில் குறைத்து அடுப்பை அணைத்து ஆவி தானாக அடங்கும்வரை விடுவதும் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். மெஸ்ஸில் இதைக் கட்டாயமாக்கிய மாதம் எங்கள் சிலிண்டர் எண்ணிக்கையே இறங்கியது.

காய்க்கு உழவர் சந்தை. 1999ல் மதுரையில் தொடங்கியது, கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், சுந்தராபுரம் பக்கங்களில் இருக்கிறது. விலைப் பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும், பேரம் பேச வேண்டியதில்லை. கணபதியிலிருந்து பஸ் பிடித்துத் தினமும் போனால் டிக்கெட் காசு காயை விழுங்கிவிடும். ஞாயிறு ஒரு நாள் போங்கள். விடிகாலையில் போனால் நல்ல காய், கடை கட்டும் நேரத்தில் போனால் கூறு. தக்காளி, கத்தரி, பீர்க்கங்காய் எல்லாம் குவித்து வைத்து, கூறு பத்து, இருபது என்று தள்ளிவிடுவார்கள். தக்காளிக் கூறு வாங்கினால் அன்றைக்கே உப்பு, மிளகாய், எண்ணெய் போட்டுத் தொக்காக வற்ற வைத்துவிடுங்கள், நாலு நாள் தாங்கும். கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறு கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். முதல் மூன்று நாளுக்குக் கீரை, தக்காளி. அடுத்த நாலு நாளுக்கு பூசணி, சேனை, உருளை, முட்டைக்கோஸ் என்று கெடாத காய். முருங்கைக்கீரை பல தெருக்களில் சும்மாவே கிடைக்கும், மரத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கொய்யா வரும் காலத்தில் கூறாக வாங்குங்கள். ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம், விலையும் குறைவு. வேறு பழம் வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம்.

முட்டைக்குப் புரட்டாசி நல்ல மாதம். கறி, முட்டை தின்கிறவர்கள் குறைவதால் நாமக்கல் விலை பெரும்பாலும் இறங்கும். அந்த மாதம் முப்பது வாங்கலாம். உடைந்த முட்டையை மலிவாகத் தருகிறார்கள் என்று வாங்காதீர்கள்.

மாதக் கடைசியில் இடித்தால் அம்மா உணவகம் இருக்கிறது. 2013ல் சென்னையில் ஆரம்பித்தது, கோவை மாநகராட்சியிலும் உண்டு. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் 5, மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ஷிப்ட் நேரம் ஒத்துவந்தால் மாதக் கடைசியில் மட்டுமில்லை, வாரம் மூன்று நாள் காலையில் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மிச்சமாகும் காசைப் பயறில் போடுங்கள். வரிசையில் நிற்க என்ன வெட்கம்? நான் விடுதிக் கணக்கராக இருந்தபோதும் மருதமலைக்குப் போனால் மதிய அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன்.

அறையில் இன்னொருவர் சேர்ந்து சமைத்தால் செலவும் கரண்டும் இன்னும் குறையும். ஆனால் அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் பொது, முட்டை அவரவர் சொந்தம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். நான் பார்த்த அறைச் சண்டைகளில் பாதி முட்டையால் வந்தவை.

உங்கள் ஊரை வைத்து ஒன்று. கேழ்வரகுக்கு இங்கே கிலோ 50 ரூபாய் போட்டேன். 2023ல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். வீட்டில் வாங்குகிறார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். வீட்டுக்குப் போக மிஞ்சினால் அரைத்து ஒரு பையில் கொண்டு வந்துவிடலாம், இங்கே 100 ரூபாய் மிச்சம். ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அதில் கை வைத்தால் வீட்டில் குறையும், அதனால் கேட்காதீர்கள். அரிசி சிலசமயம் மிஞ்சும், அதை வேண்டுமானால் எடுத்து வாருங்கள். ரேஷன் அரிசியில் சிலசமயம் நடுவில் சில மணிகள் வேறு மாதிரி வெளுப்பாக, கழுவும்போது மிதக்கிறதாக இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று யாராவது சொன்னால் நம்பிப் பொறுக்கிப் போட்டுவிடாதீர்கள், அது இரும்புச்சத்தும் வைட்டமினும் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி. உங்களுக்குத் தேவையானதே அதுதான்.

புளியும் உங்கள் பக்கத்துச் சரக்குதான், இங்கே விற்கிற விலைக்கு வாங்காதீர்கள். ஊருக்குப் போகும்போது அரைக் கிலோ கொட்டை எடுத்த புளி, ஒரு படி கேழ்வரகு மாவு, கொஞ்சம் வரமிளகாய். அரிசிப் பையில் அந்த மிளகாயில் நாலைப் போட்டு வைத்தால் வண்டும் அவ்வளவாக வராது. இந்த மாதம் கையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. முந்நூறு ரூபாய்தான் என்றால் அரைக் கிலோ கொள்ளு, கால் கிலோ கடலைக்காய்ப் பருப்பு, ஐந்து முட்டை, மிச்சத்தில் கொஞ்சம் அரிசி வாங்கிக்கொண்டு, காலைக்கு அம்மா உணவகம் போய்ச் சம்பள நாள் வரை ஓட்டுங்கள். கொள்ளை இன்று ராத்திரியே ஊற வைத்துவிடலாம்.